மனதில் நியமித்தபடி: சபைக்குக் கொடுக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காணிக்கைப் பை தம் வரிசைக்கு வந்து சேரும்போது, சபைக்குப் புதிதாக வந்த ஒருவர் சட்டைப்பையில் கைவிட்டுத் தயங்குவதை, ஒரு சேகரத்தின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பின், பொருளாளராக இருந்த ஒன்பது ஆண்டுகளில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். எவ்வளவு போட வேண்டும், எந்த உறையில் போட வேண்டும், சங்கக் காணிக்கை என்பது என்ன, பாடவும் பிரசங்கிக்கவும் தெரியாத ஒருவரால் சபைக்கு என்ன பயன் என்ற கேள்விகள் அந்தத் தயக்கத்துக்குள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அதே ஆலயத்தில் வளர்ந்தவர்களுக்கு இவை சொல்லாமலே தெரியும். அதனாலேயே புதியவர்களுக்கு யாரும் இவற்றை எடுத்துச் சொல்வதில்லை. முதல் வேலையில் சேர்ந்தவர்கள், திருமணமாகி வேறு ஊர்ச் சபைக்கு வந்தவர்கள், மாற்றலாகி வந்தவர்கள், அண்மையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் அறிந்தவை தென்மாவட்டங்களின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள். மற்றத் திருச்சபைகளில் பெயர்களும் ஏற்பாடுகளும் சற்று மாறும். ஆனால் இங்கே சொல்லப்படும் படிகளைப் பெரும்பாலும் அங்கேயும் பின்பற்றலாம்.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், “அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்” என்ற வசனம் இருக்கிறது. இதன் பின்பகுதியான “உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்” என்பதைப் பல ஆலயங்களில் காணிக்கைப் பெட்டியின் மேலேயே எழுதி வைத்திருப்பார்கள். முன்பகுதியில் உள்ள “நியமித்தபடியே” என்ற சொல்லின் மேல் அத்தனை பேர் கண் படுவதில்லை. கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை பைக்கு முன்னால் எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது என்பதையும், அதற்கு முன்பே வீட்டில் அமர்ந்து, ஜெபித்து, கணக்குப் பார்த்து எடுத்துவைத்த முடிவாக இருக்க வேண்டும் என்பதையும் அந்தச் சொல் கேட்கிறது. பணத்துக்கு மட்டுமல்லாமல் நேரத்துக்கும் கைத்திறமைக்கும் இது பொருந்தும் என்பதே நான் இந்தப் பணியில் கற்றுக்கொண்டது.

கொடுப்பதற்கு முன்பு தீர்க்க வேண்டியவை

எவ்வளவு கொடுப்பது என்று கணக்கிடத் தொடங்கும் முன், யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். வட்டிக்கு வாங்கிய பணம், கடைப் பாக்கி, வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தர வேண்டிய சம்பளம், பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்புவதாகச் சொன்ன தொகை ஆகியவை அந்தப் பட்டியலில் வர வேண்டும். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் “கொர்பான்”, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தாயின் மருந்துச் செலவை நிறுத்திவிட்டு ஆலயக் கோபுர நிதிக்குக் கொடுப்பது இந்தக் கண்டிப்புக்குள் வந்துவிடும். கடன் வாங்கிக் காணிக்கை கொடுப்பதையும் நான் ஒருபோதும் ஊக்குவித்ததில்லை. “ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்” என்பதும் கொரிந்தியருக்கு எழுதிய அதே இரண்டாம் நிருபத்தில் உள்ள வார்த்தைதான்.

இரண்டாவதாக, திருமணமானவர்கள் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பெரிய தொகை கொடுப்பதாகப் பொருத்தனை செய்துவிட்டு, பிறகு அது தெரியவந்து வீட்டில் மனக்கசப்பு உண்டானதையும், குருவானவர் சென்று சமாதானம் பேச வேண்டி வந்ததையும் நான் அறிவேன். யாரோடாவது தீராத மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகும்படி மலைப்பிரசங்கம் சொல்வதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

காணிக்கைகளின் பெயர்களை அறிந்துகொள்ளுதல்

முதல் மாதத்தில் அவசரம் வேண்டாம். சபையில் என்னென்ன காணிக்கைகள் உண்டு, அவை எங்கே போகின்றன என்று குருவானவருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரிடமோ சேகரப் பொருளாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் பொறுப்பில் இருந்தபோது என்னிடம் இதைக் கேட்டவர்களே பிற்காலத்தில் நிலையாகக் கொடுத்தவர்கள்.

சங்கக் காணிக்கை அல்லது சந்தா என்பது ஒவ்வொரு குடும்பமும் தம் பெயரில் மாதந்தோறும் செலுத்தி, அட்டையிலோ பதிவேட்டிலோ வரவு வைத்துக்கொள்வது. சேகரத்தின் ஊழியர் சம்பளம், மின்கட்டணம், பேராயரின் கீழ்ப் பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு ஆகியவை பெரும்பாலும் இதை நம்பியே நடக்கின்றன. சபைத் தேர்தலில் வாக்காளராக இருப்பதற்கும், நற்கருணை பெறும் அங்கத்தினராக இருப்பதோடு, முறையாகச் சபைக்குக் காணிக்கை செலுத்துபவராக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. வாக்குரிமைக்காக ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டுகிறவர்கள் எல்லாச் சேகரங்களிலும் இருக்கிறார்கள். நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம். மாதம் தவறாமல் வரும் 200 ரூபாயைக் கொண்டு ஒரு சேகரம் திட்டமிட முடியும். மார்ச்சு கடைசியில் வரும் 2,400 ரூபாயைக் கொண்டு அதே சேகரத்தால் ஜூன் மாதச் சம்பளத்தைக் கொடுக்க முடியாது.

ஆராதனையில் பையில் போடுவது பெயர் எழுதாத பொதுக் காணிக்கை. பிறந்தநாள், திருமணநாள், பிள்ளையின் தேர்வு, நோயிலிருந்து சுகம் என்று ஒரு நன்மையை நினைத்துக் கொடுப்பது ஸ்தோத்திரக் காணிக்கை. இதற்குப் பெயர் எழுதிய உறை உண்டு. ஆபத்து நேரத்தில் வாக்குப்பண்ணிப் பிறகு செலுத்துவது பொருத்தனை. கட்டட நிதி, ஏழைகள் நிதி, மிஷனெரிக் காணிக்கை ஆகியவை குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும் செலவிட வேண்டியவை என்பதால், அவற்றுக்குக் கொடுக்கும்போது உறையின் மேலேயே நோக்கத்தைத் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

மிஷனெரிக் காணிக்கையின் பின்னால் உள்ள வரலாற்றை, குறிப்பாகத் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளுக்கு வந்தவர்கள், தெரிந்துகொள்வது நல்லது. 1903ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில், வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவரோடு இருந்தவர்களும் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்த நாட்டுச் சபையாரின் பணத்தைக் கொண்டு, இந்த நாட்டு ஊழியர்களை அனுப்ப வேண்டும் என்பது அவர்களுடைய தீர்மானம். வெளிநாட்டுச் சங்கங்களின் உதவியில் பழகியிருந்த ஒரு சபைக்கு இது சிறிய தீர்மானம் அல்ல. அவர்கள் முதலில் தேர்ந்துகொண்ட களம் அன்றைய நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல். 1912ஆம் ஆண்டின் இறுதியில் அசரியா அந்த ஊரின் பெயரால் அமைந்த திருமண்டலத்துக்கே பேராயராக அபிஷேகம் பெற்றார். நெல்லும் பனையும் விளைந்த ஊர்களில் சேர்ந்த சிறு காசுகள் தெலுங்கு நாட்டில் ஒரு திருச்சபைக்கு விதையாயின. அந்தக் காணிக்கை உறை இன்றும் உங்கள் கைக்கு வருகிறது.

தொகையை நியமித்தல்

தசமபாகத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. மல்கியா மூன்றாம் அதிகாரத்தைக் காட்டிப் பத்தில் ஒன்று கட்டாயம் என்பவர்களும், புதிய ஏற்பாடு அளவை அவரவர் மனதுக்கு விட்டிருக்கிறது என்பவர்களும் ஒரே இருக்கையில் அமர்ந்து ஆராதிக்கிறார்கள். பத்தில் ஒன்று என்பது நல்ல இலக்கு என்றும், புதிதாகத் தொடங்குகிறவர் முதல் நாளே அதைப் பிடித்தாக வேண்டும் என்பதில்லை என்றும் நான் கருதுகிறேன். கையில் 18,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர், வாடகையும் வீட்டுச் செலவும் போக மீதியில் தடுமாறுகிறவராக இருந்தால், 900 ரூபாயில், அதாவது இருபதில் ஒரு பங்கில், தொடங்கலாம். அதை மூன்று மாதம் தவறாமல் கொடுத்த பிறகு 1,000, ஆண்டு உயர்வு வரும்போது 1,300 என்று ஏற்றிக்கொண்டே போய், சில ஆண்டுகளில் 1,800 என்ற பத்தில் ஒரு பங்கை அடையலாம். உணர்ச்சிப்பெருக்கில் முதல் மாதம் பெருந்தொகை கொடுத்து, நான்காம் மாதம் முழுவதுமாக நின்றுவிடுவதைக் காட்டிலும் இந்த வழி நிலைத்து நிற்கும்.

தொகையைத் தீர்மானித்ததும், சம்பளம் கைக்கு வந்த அன்றே அதைத் தனியாக எடுத்து வையுங்கள். வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாகத் தன்னிடத்தில் சேர்த்துவைக்கும்படி பவுல் கொரிந்தியருக்குச் சொன்னது, எருசலேமின் ஏழைகளுக்காக நடந்த ஒரு சேகரிப்பைக் குறித்தே. தான் வந்த பிறகு அவசரமாகப் பணம் சேர்க்கும் நிலை வரக் கூடாது என்பதே அவர் நோக்கம். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்று வைத்தால், மிஞ்சாது.

நாள்கூலிக்குப் போகிறவர்களுக்கும் மழையை நம்பிப் பயிரிடுகிறவர்களுக்கும் மாதக் கணக்கு பொருந்தாது. அவர்கள் வேலை கிடைத்த நாளின் கூலியிலிருந்து ஒரு சிறு பங்கை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரலாம். அறுவடை முடிந்ததும் கொடுக்கலாம். பணமே இல்லாத வீடுகளும் கொடுத்த வரலாறு நமக்கு உண்டு. ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் எடுத்துப்போட்டு, அதைச் சபைக்குக் கொண்டுவரும் பிடி அரிசிக் காணிக்கையை நம் தென்மாவட்டப் பாட்டிமார் அறிவார்கள். மிசோரம் சபைகளின் பெண்கள் இதே வழக்கத்தை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவருகிறார்கள். அங்கே சபை ஊழியத்தின் செலவில் ஒரு முக்கியப் பகுதியை அந்தப் பிடி அரிசி தாங்குகிறது. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த இயேசு, இரண்டு காசைப் போட்ட ஏழை விதவையைச் சீஷருக்குக் காட்டியதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரிசிப் பானையே நினைவுக்கு வரும்.

முதல் மாதச் சம்பளத்தை முழுவதுமாகப் படைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. வீட்டில் வேறு வருமானம் இருந்து, மனமும் இருந்தால் அது மகிழ்ச்சியான செயல். உங்கள் சம்பளத்தை நம்பி வீட்டில் அடுப்பு எரிய வேண்டியிருந்தால், ஒரு பங்கை முதற்பலனாகக் கொடுத்து மீதியால் வீட்டைத் தாங்குங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க இடமில்லை.

கொடுக்கும் முறை

ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பையில் போடும் பொதுக் காணிக்கைக்கு ரசீது கிடையாது. உறையில் பெயரெழுதிக் கொடுப்பது எதற்கும் ரசீதோ, அட்டையில் வரவோ இருக்க வேண்டும். கைப்பேசி வழியாக அனுப்புவதானால், வரும் பெயர் சேகரத்தின் அல்லது திருமண்டலத்தின் வங்கிக் கணக்குப் பெயர்தானா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். தனிநபர் ஒருவருடைய எண்ணுக்கு அனுப்பும்படி யார் சொன்னாலும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பணிவாக மறுத்துச் சபைக் கணக்கைக் கேளுங்கள். அவர்மேல் சந்தேகம் என்று பொருளல்ல. நாளை அவர்மேல் ஒரு சந்தேகம் விழாதபடி காப்பாற்றுகிறீர்கள் என்று பொருள்.

வருமான வரியைப் பற்றி ஒரு சொல். 80ஜி என்று நாம் பழகியிருக்கும் வரிச்சலுகை, அதற்கென அங்கீகாரம் பெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு உரியது. ஆராதனைக் காணிக்கைக்கும் சங்கக் காணிக்கைக்கும் அது கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு கொடுக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தன் ஊர்ச் சபைக்கு அனுப்பலாம். அவர் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரானால், நம் ஊரில் பிறந்தவராக இருந்தாலும், அவர் அனுப்புவது சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பாகும். அதை உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே, புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கென வைத்திருக்கும் கணக்கின் வழியாகப் பெற முடியும். சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஏதாவது அனுப்புகிறேன் என்று சொன்னால், அனுப்பும் முன் திருமண்டல அலுவலகத்தில் கேட்டுச் சொல்லுங்கள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் புதியவர்கள் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் விளைந்த வாழைத்தார், பூசணி, தேங்காய், வீட்டில் வளர்த்த சேவல், பெண்கள் செய்துகொண்டுவந்த முறுக்கு என்று சபையார் படைத்தவை அன்று ஏலத்துக்கு வரும். ஒரு தேங்காய் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போவதைக் கண்டு திகைக்க வேண்டாம். அது தேங்காயின் விலையாக அல்லாமல் காணிக்கையாகவே கேட்கப்படுகிறது. அன்றைக்கு வீட்டிலிருந்து புறப்படும்போதே, இன்ன தொகைக்கு மேல் கேட்பதில்லை என்று நியமித்துக்கொண்டு போங்கள். உறவினர் பார்க்கிறார்கள் என்பதற்காகப் போட்டியில் ஏறிவிட்டு, பிறகு அந்தப் பணத்தைக் கட்டாமல் ஆறு மாதம் ஆலயத்துக்கு வராமலிருந்த ஒரு நண்பரை நான் அறிவேன். கேட்ட தொகையை அன்றோ அடுத்த ஞாயிறோ கட்டிவிடுவதே முறை.

நேரத்தைக் கொடுத்தல்

பணத்தைக் காட்டிலும் நேரம் கொடுப்பது கடினம். வேலைக்குப் போகும் ஒருவருக்கு வாரத்தில் தனக்கென்று மிஞ்சுவது சில மணி நேரமே. அதையும் குடும்பத்தோடு பங்கிட வேண்டும். ஆகையால் சந்தாவைப் போலவே நேரத்தையும் அளந்து நியமியுங்கள். முதல் ஆண்டில் ஒரே ஒரு பொறுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். நான் இளைஞனாகச் சேர்ந்த ஆண்டில் ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, வாலிபர் ஐக்கியச் செயலர் என்று மூன்றுக்கும் சரி சொன்னேன். ஆடி மாதத்துக்குள் இரண்டை விட்டுவிட்டேன். நான் சொல்லாமல் வராமற்போன ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பதினொரு சிறுபிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் ஆலயத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். இன்றும் அது என் மனதை உறுத்துகிறது.

பொறுப்பை ஏற்கும் முன் அதற்கு உண்மையில் எவ்வளவு நேரம் தேவை என்று, அதைச் செய்துகொண்டிருப்பவரிடம் கேளுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பு என்றால் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் என்று தோன்றும். ஆசிரியர்களின் ஆயத்தக் கூட்டம், பாடத்தை வீட்டில் படிப்பது, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் சேர்ந்தால் வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பாடகர் குழுவுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் இரவுப் பயிற்சியும், வீடு வீடாகச் செல்லும் பாடல் பவனியும் உண்டு. விடுமுறை வேதாகமப் பள்ளிக்குக் கோடையில் ஒரு வாரமோ பத்து நாளோ தொடர்ந்து காலை நேரம் வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு அது ஏற்ற பணி. பிள்ளைகளோடு பழகும் எந்தப் பணியிலும், பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது என்ற ஒழுங்கை உங்கள் சபை வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதை நீங்களே கடைப்பிடியுங்கள்.

மேடைக்கு வராத பணிகள் பல ஆள் இல்லாமல் கிடக்கின்றன. படுக்கையில் இருக்கும் முதியவரிடம் மாதம் ஒருமுறை போய் வேதம் வாசித்து ஜெபிப்பது, மருத்துவமனையில் இருக்கும் சபையாருக்கு ஓர் இரவு துணையிருப்பது, நற்கருணை ஞாயிற்றுக்கு நடக்க முடியாதவர்களை வண்டியில் அழைத்து வருவது, சபையார் கூடி உண்ணும் அசனத்துக்கு முந்தின இரவில் வெங்காயம் உரிக்க உட்காருவது ஆகியவற்றுக்குத் தனித் திறமை தேவையில்லை. அசனத்துக்குக் காய் நறுக்க உட்கார்ந்தால், ஆறு மாதம் ஆராதனைக்கு வந்தும் பழகாத சபையாரோடு ஒரே இரவில் பழகிவிடலாம் என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

திறமையைக் கொடுத்தல்

இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதிக்க ஆசரிப்புக் கூடாரம் அமைத்தபோது, தேவன் பெயர்சொல்லி அழைத்த பெசலெயேல் உலோகத்திலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்யத் தெரிந்த கைவினைஞர். யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் பேதுருவுக்குக் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும். ஆகவே, “எனக்குப் பாடத் தெரியாது, ஆகையால் சபையில் எனக்கு வேலை இல்லை” என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தொழிலையே முதலில் எண்ணிப் பாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர் சேகரத்தின் பேரேட்டைச் சரிபார்க்கலாம். மின்பணியாளர் பழைய ஆலயத்தின் கம்பிகளைச் சோதித்து, எவை மாற்ற வேண்டியவை என்று எழுதிக் கொடுக்கலாம். கிறிஸ்துமஸ் விளக்குகளை ஏற்றும் முன் இது நடந்தால் பெரிய ஆபத்தைத் தவிர்க்கலாம். செவிலியர் ஒருவர் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்கலாம். ஆசிரியர் மாலைப் படிப்பு நடத்தலாம். அரசு அலுவலகப் பழக்கம் உள்ளவர் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பித் தரலாம். பதிவேடுகளைப் படம் எடுத்துச் சேமித்து வைப்பது கணினி தெரிந்த இளைஞருக்கு ஏற்ற பணி. கரையான் அரித்த ஞானஸ்நானப் பதிவேட்டை ஒருமுறை கையில் எடுத்தவருக்கு இதன் அவசரம் புரியும்.

இதில் மூன்று எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, என்ன செய்யப்போகிறீர்கள், எப்போது முடிப்பீர்கள், பொருள்களின் விலையை யார் தருவது என்பவற்றைத் தொடங்கும் முன் சேகரக் கமிட்டியோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். இலவச வேலைதானே என்று வாய்வார்த்தையாக விட்டால், பாதியில் நின்ற வேலைக்கு யாரையும் கேட்க முடியாமற்போகும். இரண்டாவது, காசு வாங்கிச் செய்யும் வேலையில் காட்டும் கவனத்தை இங்கேயும் காட்டுங்கள். மூன்றாவதை நீங்கள் கொடுப்பவராக இல்லாமல் கேட்பவராக இருக்கும்போது நினைவில் கொள்ள வேண்டும்: அன்றன்றைய கூலியில் வாழும் கொத்தனாரிடமும் வர்ணம் அடிப்பவரிடமும், “கோயில் வேலைதானே, காசு எதற்கு” என்று யாரும் கேட்கக் கூடாது. அவராக மனமுவந்து ஒரு நாள் வேலையைக் கொடுத்தால் நன்றியோடு ஏற்கலாம். மற்றபடி அவருடைய கூலியை அன்று மாலையே கொடுத்துவிடுவது சபையின் கடமை. அலுவலகத்தில் மாதச் சம்பளம் வாங்குபவர் தம் ஓய்வு நாளைக் கொடுப்பதும், கூலிக்காரர் தம் வேலை நாளைக் கொடுப்பதும் ஒரே அளவான காணிக்கை அல்ல.

கணக்கைப் பார்த்தல்

கொடுத்ததோடு நம் பங்கு முடிந்தது, மேலே தேவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லும் பக்தியான பேச்சை நான் ஏற்பதில்லை. எருசலேமுக்குப் போகும் தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் கூட அனுப்புவதாகப் பவுல் எழுதுகிறார். அப்போஸ்தலருக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது. ஆராதனை முடிந்ததும் காணிக்கையைக் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த வேலைநாளில் வங்கியில் கட்டுவது நல்ல ஒழுங்கு. முந்தின வாரக் காணிக்கைத் தொகையை ஆராதனையில் அறிவிப்பதும், ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து சபைக் கூட்டத்தில் வாசிப்பதும் அதைச் சேர்ந்தவை. அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். கட்டட நிதியில் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவாயிற்று, மீதி எந்தக் கணக்கில் இருக்கிறது என்று மரியாதையோடு கேளுங்கள். கோபமாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி சபையைக் கட்சிகளாகப் பிரித்துவிடலாம். அதே கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் பொருளாளரிடம் கொடுத்தால், அவர் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியும். கேள்வி வந்த ஆண்டுகளில் என் புத்தகங்கள் இன்னும் ஒழுங்காக இருந்தன என்பதை நன்றியோடு சொல்கிறேன்.

தேவை நிறைவேறிய பிறகும் ஒரு நிதிக்குத் தொடர்ந்து கேட்கப்படுவதாகத் தெரிந்தால் அதையும் சொல்லலாம். ஆசரிப்புக் கூடார வேலைக்கு ஜனங்கள் வேண்டியதற்கு அதிகமாகக் கொண்டுவந்தபோது, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் எங்கும் கூறச்செய்தார் என்று யாத்திராகமம் 36ஆம் அதிகாரம் சொல்கிறது.

கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிப்பதைப் பற்றி எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. பாளையங்கோட்டையில், பிராமணக் குலத்தில் பிறந்து கிறிஸ்தவரான குளோரிந்தா 1785ஆம் ஆண்டு எழுப்பிய சிற்றாலயத்தை ஊரார் தாங்களாகவே பாப்பாத்தியம்மாள் கோயில் என்று அழைத்தார்கள். நன்றியால் வந்த பெயர் அது. மின்விசிறியின் இறக்கையில் கொடையாளியின் பெயரைத் தீட்டச் சொல்வது அந்த வகையைச் சேராது. வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற கட்டளை இருக்க, ரசீதில் பெயர் இருந்தால் போதும்.

ஆண்டு முடிவிலும், ஊர் மாறும்போதும்

புத்தாண்டு ஆராதனைக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, சென்ற ஆண்டு நியமித்தவற்றைக் குறிப்பேட்டில் பாருங்கள். எந்த மாதங்கள் தவறின, ஏன் தவறின என்று எழுதுங்கள். வருமானம் கூடியிருந்தால் தொகையைக் கூட்டுங்கள். நோயோ வேலையிழப்போ வந்திருந்தால் குறையுங்கள், குறைத்ததைக் குற்றமாக மனதில் சுமக்காதீர்கள். ஏற்ற பொறுப்பைத் தொடர முடியாதென்றால், ஆண்டு தொடங்கும் முன்பே குருவானவரிடம் நேரில் சொல்லி, உங்களுக்குப் பின் வருபவரோடு சில வாரங்கள் சேர்ந்து பணியாற்றிவிட்டு விலகுங்கள்.

வேறு ஊருக்குப் போவதானால், சந்தா அட்டையில் பாக்கி இருந்தால் கட்டிவிட்டு, சபை மாற்றுக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் உள்ள ஆலயச் சாவிகள், பதிவேடுகள், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஆகியவற்றை யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை மட்டும் கொடுத்து நிறுத்தாமல், எந்தப் பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியாது, எந்தப் பிள்ளையின் தகப்பனார் ஊரில் இல்லை, எந்தப் பிள்ளையை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்பதையும் அதன் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த ஞாயிறு காலை புதிய ஆசிரியருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.